மிஷன் விமானமும் தரையிலிருக்கும் குடும்பமும்

பப்புவா நியூ கினியின் தலைநகரம் போர்ட் மோர்ஸ்பி. அடுத்த பெரிய நகரம் லே. இந்த இரண்டையும் முழுமையாக இணைக்கும் சாலை இன்றுவரை இல்லை. குறுக்கே ஓவன் ஸ்டான்லி மலைத்தொடர் நிற்கிறது. தலைநகரத்தின் கதியே இதுவென்றால் உள்நாட்டு மலைக் கிராமங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்கு விமானத்தில் பத்து நிமிடம் ஆகும் இடங்களில் நடந்துபோக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அந்த நாட்டில் 800-க்கும் மேற்பட்ட மொழிகள் பிழைத்துக் கிடப்பதற்கு இந்த நிலவமைப்பும் ஒரு காரணம்.

தடுப்பூசி, பள்ளிப் புத்தகம், கூரைத் தகரம், உப்பு, பிரசவத்தில் சிக்கிய பெண் என எல்லாமே இங்கே சின்ன விமானத்தில்தான் வந்துபோக வேண்டும். அந்த விமானங்களில் கணிசமானவற்றை ஓட்டுபவை கிறிஸ்தவ மிஷன் அமைப்புகள். அவற்றில் பெரியது எம்.ஏ.எஃப். என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப். இப்போது ஆப்பிரிக்கா, ஆசியா, பசிபிக், லத்தீன் அமெரிக்கா என்று 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதன் விமானங்கள் பறக்கின்றன.

நம் ஊர்ச் சபைகளில் ஞாயிறு பள்ளிக்குப் போன யாரும் இத்தகைய விமானிகளின் கதை ஒன்றையாவது கேட்டிருப்பார்கள். அந்தக் கதைகளில் நாயகன் விமானிதான். மனைவிக்கு ஒரு வரி ஒதுக்குவார்கள். பிள்ளைகள் கடைசியில் குடும்பப் புகைப்படத்தில் வருவார்கள். இந்தச் சேவை எப்படி நடக்கிறது, செலவை யார் ஏற்கிறார்கள், எங்கே சிக்கல் வருகிறது என்று பார்க்கப் போனால் வேறொரு படம் கிடைக்கிறது. விமானிக்கு ஒரு குடும்பம் இருக்கிறது என்று சொல்வதைவிட, குடும்பத்தின் மேல்தான் அந்த விமானச் சேவையே கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்வது பொருந்தும்.

ஷெல் மேராவில் ஒரு ரேடியோ

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, போரில் விமானம் ஓட்டிய சில கிறிஸ்தவர்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மிஷன் பணிக்கு விமானம் ஓட்டும் யோசனைக்கு வந்தார்கள். எம்.ஏ.எஃப்-பின் அமெரிக்க அமைப்பு 1945-இல் பிறந்தது. அதன் முதல் பயணத்தை 1946 பிப்ரவரியில் ஓட்டியவர் ஒரு பெண்: போர்க்காலத்தில் பெண்கள் விமானப் படைப்பிரிவில் பணியாற்றிய பெட்டி கிரீன். பழைய வாக்கோ ரக இரட்டை இறக்கை விமானத்தில், வேதாகம மொழிபெயர்ப்பாளர்களை ஏற்றிக்கொண்டு லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து மெக்சிகோவுக்குப் பறந்தார். அவர் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. தனியாளான ஒரு பெண் தொடங்கி வைத்த இந்தத் துறையில், அதன்பின் பல பத்தாண்டுகளுக்குப் பெண் விமானிகள் அரிதாகிப்போனார்கள். கணவன் பறப்பான், மனைவி ரேடியோவைப் பார்த்துக்கொள்வாள் என்ற ஏற்பாடே வழக்கமாகிவிட்டது.

அந்த ஏற்பாட்டின் முழு உருவத்தையும் ஈக்வடாரில் பார்க்கலாம். அமேசான் காட்டின் விளிம்பில் ஷெல் எண்ணெய் நிறுவனம் முகாமிட்டிருந்ததால் ஷெல் மேரா என்று பெயர்பெற்ற இடத்துக்கு, 1948-இல் நேட் செயின்ட் என்ற இளம் விமானி மனைவி மார்ஜுடன் வந்து சேர்ந்தார். காட்டுக்குள் சிதறிக் கிடந்த மிஷன் நிலையங்களுக்குப் பொருள் கொண்டுபோவது அவர் வேலை. நேட் கைவேலையில் கெட்டிக்காரர். தரையிறங்க இடமில்லாத காட்டில் பொருளை இறக்க அவர் கண்டுபிடித்த உத்தி இன்றும் பேசப்படுகிறது. நீண்ட கயிற்றில் ஒரு வாளியைக் கட்டிப் பின்னால் விட்டுவிட்டு, விமானத்தை ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருப்பார். காற்றின் இழுவையால் கயிறு வளைந்து உள்நோக்கி வரும். சுழலும் வட்டத்தின் நடுவில் வாளி ஏறக்குறைய அசையாமல் தொங்கும். கீழே நிற்பவர் அதிலிருந்து மருந்தை எடுத்துக்கொண்டு, தான் கொடுக்க வேண்டியதை உள்ளே வைத்து அனுப்பலாம்.

இந்த உத்தியை விவரிக்காத நூல் இல்லை. மார்ஜ் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அந்த அளவுக்கு யாரும் விவரிப்பதில்லை. அவர் செவிலியர் பயிற்சி பெற்றவர். மூன்று சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு, காட்டு நிலையங்களுடன் குறித்த நேரங்களில் ரேடியோவில் பேசினார். யாருக்கு என்ன மருந்து தீர்ந்துவிட்டது, எங்கே மழை, எந்த ஓடுபாதையில் சேறு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கணவர் பறக்கும்போது இருக்குமிடத்தைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தார். விமானம் எங்காவது விழுந்தால் தேட வேண்டிய இடம் அந்தத் தாளில்தான் இருக்கும். காட்டுக்குள் போகிறவர்களும் வருகிறவர்களும் அவர் வீட்டில்தான் தங்கிச் சாப்பிட்டார்கள். இன்றைய விமான நிறுவனம் ஒன்றில் இந்த வேலைக்குக் குறைந்தது மூன்று பதவிகள் இருக்கும்: பயணக் கட்டுப்பாட்டு அலுவலர், சரக்கு எழுத்தர், விடுதி மேலாளர்.

1956 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. வெளியாரை அண்டவிடாத வவோரானி மக்களைச் சந்திக்க நேட்டும் நான்கு நண்பர்களும் குராராய் ஆற்றின் மணல்திட்டில் முகாமிட்டிருந்தார்கள். மாலை நாலரை மணிக்கு மறுபடி தொடர்புகொள்வதாக நேட் சொல்லியிருந்தார். நாலரைக்கு ரேடியோவில் குரல் வரவில்லை. மறுநாள் காலை இன்னொரு மிஷன் விமானி மேலே பறந்து பார்த்தபோது, மணலில் நின்ற விமானத்தின் மேல்துணி முழுவதும் உரிக்கப்பட்டிருந்தது. ஐந்து பேரும் ஈட்டியால் கொல்லப்பட்டிருந்தனர். ரேடியோ முன் உட்கார்ந்திருந்தவரே விதவையானார். மற்ற மனைவியரோடு தொடர்புகொள்ளவும் அந்த ரேடியோதான் இருந்தது. மகன் ஸ்டீவுக்கு அப்போது ஐந்து வயதுகூட நிரம்பவில்லை.

அதன்பின் நடந்தது நம்பக் கடினமானது. நேட்டின் அக்கா ரேச்சலும், இறந்தவர்களில் ஒருவரான ஜிம் எலியட்டின் மனைவி எலிசபெத்தும் 1958-இல் அதே வவோரானி மக்களிடையே குடியேறினார்கள். எலிசபெத் தம் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு போனார். 1965-இல் ஸ்டீவ் அதே மணல்திட்டில் ஞானஸ்நானம் பெற்றான். கொடுத்தவர்கள் அந்தக் கொலையில் பங்கெடுத்த இரண்டு பேர்.

சபைகளில் சொல்லப்படும் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். எனக்கு அது அரைக் கதையாகவே படுகிறது. மிஷனின் தொடர்புக்குப் பிறகு வவோரானி மக்களில் பெரும்பகுதியினர் ஒரே குடியிருப்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1969-இல் அங்கே போலியோ பரவிப் பலர் இறந்தனர். காலியான நிலத்தில் எண்ணெய் நிறுவனங்கள் நுழைந்தன. இதற்கெல்லாம் மிஷன் எவ்வளவு பொறுப்பு என்பது மானிடவியலாளர்களிடையே ஓயாத வாதம். தங்களிடையே நடந்துவந்த பழிவாங்கும் கொலைகள் நின்றதற்கு மிஷனே காரணம் என்று சொல்லும் வவோரானி முதியவர்களும் உண்டு. ஷெல்லுக்குப் பக்கத்திலிருக்கும் புயோ நகர நீதிமன்றத்தில் 2019 ஏப்ரலில், தங்கள் காட்டை எண்ணெய் ஏலத்துக்கு விடுவதை எதிர்த்து வழக்காடி வென்றவர்களும் இதே மக்கள்தான். விமானம் ஒரு பள்ளத்தாக்கைத் திறந்துவிட்டால் அதன்வழி யார் யாரெல்லாம் வருவார்கள் என்பது விமானியின் கையில் இல்லை.

காலை ஆறு மணிக்கும் மதியத்துக்கும் இடையில்

மலை ஓடுபாதை என்றால் என்ன என்று தெரிந்தால்தான் இந்தக் குடும்பங்களின் நாள் எப்படிப் போகிறது என்பது புரியும். பப்புவா நியூ கினியின் உயர்நிலங்களில் பல ஓடுபாதைகள் மலைச்சரிவை வெட்டி, புல் வளர்த்து ஆக்கியவை. நீளம் நானூறு, ஐந்நூறு மீட்டர் இருந்தால் அதுவே பெரிது. சிலவற்றின் சரிவு 10 சதவீதத்துக்கும் மேல். நூறு மீட்டர் ஓடினால் பத்து மீட்டர் ஏறியிருப்பீர்கள். ஆகையால் இறங்குவது மேல்நோக்கி, கிளம்புவது கீழ்நோக்கி. காற்று எந்தத் திசையில் அடித்தாலும் மாற்றமில்லை. மேல்முனையில் பெரும்பாலும் மலைச்சுவர் இருக்கும். இறங்கி வரும்போது ஒரு புள்ளியைக் கடந்துவிட்டால், மறுபடி எழும்பிச் சுற்றிவர இடம் கிடையாது. அந்தப் புள்ளி எங்கே என்பது ஒவ்வொரு ஓடுபாதைக்கும் வேறு. விமானி அதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். அதற்குள் பாதையில் பன்றி நிற்கிறதா, புல் ஈரமாக இருக்கிறதா, கீழிருந்து காற்று தள்ளுகிறதா என்று பார்த்து முடிவெடுத்துவிட வேண்டும்.

உயரமும் வெயிலும் சேர்ந்தால் காற்று மெலியும். மெலிந்த காற்றில் இறக்கை குறைவாகத் தூக்கும், என்ஜின் குறைவாக இழுக்கும். அதனால்தான் ஒவ்வொரு ஓடுபாதையிலும் தராசு வருகிறது. காப்பிக்கொட்டை மூட்டை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கால் கட்டிய பன்றி, பாட்டி, பாட்டியின் பை என எல்லாம் எடை பார்க்கப்படும். கூடினால் ஏதாவது ஒன்று கீழே நிற்கும். எது நிற்பது என்ற வழக்கைத் தீர்ப்பவரும் விமானிதான். அதற்கு அந்நாட்டின் பொது மொழியான டோக் பிசின் சரளமாக வர வேண்டும்.

விடியலில் பள்ளத்தாக்குகள் தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏற மேகம் திரண்டு, மதியத்துக்குப் பின் கணவாய்களை அடைத்துவிடும். ஆக விமானி இருட்டோடு எழுந்து போய்விடுவார். வீட்டில் இருப்பவர்களுக்கு மதியம்வரை நேரம் ஒரு மாதிரி, மதியத்துக்குப் பின் வேறு மாதிரி. கணவாய் மூடிக்கொண்டால் அவர் ஏதாவது ஒரு கிராமத்திலேயே இரவைக் கழிக்க வேண்டிவரும்; அதற்கென்று விமானத்தில் ஒரு பை எப்போதும் கிடக்கும். பிள்ளையின் பிறந்தநாளை இந்த வீடுகளில் அதே நாளில் கொண்டாடிவிடலாம் என்று யாரும் அடித்துச் சொல்வதில்லை.

மார்ஜ் பார்த்த ரேடியோ வேலை இப்போது பெரும்பாலும் மனைவியின் தலையில் இல்லை. செயற்கைக்கோள் கருவி விமானம் இருக்குமிடத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அலுவலகத் திரைக்கு அனுப்புகிறது. கவனிக்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார். அதனால் மனைவிக்குச் சுதந்திரம் கிடைத்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. பல நாடுகளின் விசா விதிப்படி விமானியைச் சார்ந்து வருபவர் வெளியே சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. ஊரில் ஆசிரியராகவோ கணக்கராகவோ செவிலியராகவோ இருந்தவர் இங்கே பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்துகிறார், அமைப்பின் கணக்கைப் பார்க்கிறார், வந்துபோகிறவர்களுக்குச் சமைக்கிறார். வேலிக்குள் அமைந்த குடியிருப்பு. சந்தைக்குப் போகவும் பாதுகாப்பைப் பார்க்க வேண்டிய ஊர். சமையலுக்கும் துவைப்புக்கும் உள்ளூர்ப் பெண்ணை அமர்த்துவது அங்கே வழக்கம். காலனிக் காலத்தில் வந்த அந்த வழக்கத்தோடு எப்படி நடந்துகொள்வது என்பது புதிதாக வருபவர்களுக்கு முதல் தர்மசங்கடம். வேண்டாமென்றால் அந்தப் பெண்ணின் வருமானம் போகும்; சரியென்றால், இதுவரை வேலைக்கு ஆளே வைத்திராத குடும்பம் திடீரென்று எஜமானக் குடும்பமாகிவிடும்.

இதில் மெக்கானிக்கின் குடும்பத்தையும் சேர்க்க வேண்டும். பல அமைப்புகளில் விமானியே மெக்கானிக்காகவும் தேறியிருக்க வேண்டும். 1972 ஏப்ரலில் பப்புவா நியூ கினியில், வேதாகம மொழிபெயர்ப்புப் பணிக்கு விமானம் ஓட்டும் ஜார்ஸ் அமைப்பின் பைப்பர் ஆஸ்டெக் விமானம் நடுவானில் தீப்பிடித்து விழுந்து ஏழு பேர் இறந்தனர். எரிபொருள் குழாயில் ஒரே ஒரு நட்டு முழுதாக இறுக்கப்படாமல் விடப்பட்டிருந்தது. அந்த அமைப்பினர் உகாரும்பா என்ற ஒரே குடியிருப்பில் வாழ்ந்தார்கள். ஒரே கடை, ஒரே பள்ளி, ஒரே ஆராதனை. சாதாரண விமான நிறுவனத்தில் இப்படி நடந்தால் மெக்கானிக் மாற்றலாகிவிடுவார், வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விடும். இங்கே அவர் இறந்தவர்களின் மனைவியரையும் பிள்ளைகளையும் அன்றாடம் எதிரில் பார்த்தாக வேண்டும்.

தாங்குபவர்கள்

தமிழ்நாட்டுச் சபைகளில் 'ஒரு மிஷனரியைத் தாங்குகிறோம்' என்பார்கள். மிஷன் விமானிகள் பலருக்கும் ஏறத்தாழ அதே முறைதான். அமைப்பு கையிலிருந்து சம்பளம் தருவதில்லை. குடும்பம் தன் சபைகளையும் நண்பர்களையும் உறவினர்களையும் சந்தித்து, மாதந்தோறும் இவ்வளவு அனுப்புவோம் என்று வாக்குப் பெற வேண்டும். தேவையான தொகை சேர்ந்த பிறகுதான் கிளம்ப முடியும். இதற்கே ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். அதற்கு முன்னால் வணிக விமானி உரிமம், கருவி வழிப் பறத்தல் தகுதி, விமானப் பராமரிப்பு உரிமம் என்று வருடக்கணக்கில் படிப்பு. அதே தீவின் மேற்குப் பாதியான இந்தோனேசியப் பப்புவாவுக்குப் போவதென்றால் ஜாவாத் தீவில் மாதக்கணக்கில் மொழிப் பயிற்சி. முதல்முறை விமானி கிராமத்து ஓடுபாதையில் தனியாக இறங்கும்போது, கடவுளின் அழைப்பு கிடைத்ததாக அவர் நம்பிய நாளிலிருந்து பத்து வருடம் ஓடியிருந்தாலும் வியப்பில்லை.

இந்த முறையின் பலன் வெளிப்படையானது: விமானியின் உழைப்புக்கான கூலி டிக்கெட் விலையில் ஏறுவதில்லை. மலைக்கிராமத்து விவசாயி தன் காப்பி மூட்டைக்குக் கொடுக்கும் சரக்குக் கட்டணத்தை, அவர் கேள்விப்பட்டேயிராத ஐடஹோவிலோ ஸ்காட்லாந்திலோ இருக்கும் ஏதோ ஒரு சபை பகிர்ந்துகொள்கிறது. அரசு மானியம் எட்டாத இடங்களில் மானியமாக இருப்பது இந்தக் குடும்பங்கள்தான். வளர்ச்சித் திட்ட அறிக்கைகளில் இந்த வரவு எங்கும் பதிவாவதில்லை.

இதற்குக் குடும்பம் கொடுக்கும் விலை மாதக் கடிதத்தில் தெரியும். ஜெபக் குறிப்புக் கடிதம் என்பது நன்றி சொல்லவும் செய்தி சொல்லவும் எழுதுவது. தாங்குபவர்களின் நம்பிக்கையைக் காப்பதும் அதன் வேலை. மலேரியா வந்தது என்று அதில் எழுதலாம். மூன்று மாதமாகத் தூக்கம் வரவில்லை, இருவருக்கும் பேச்சுவார்த்தை குறைந்துவிட்டது, இந்த வேலை இன்னும் அவசியமா என்றே சந்தேகமாக இருக்கிறது என்று எழுத முடியுமா? எழுதினால் அடுத்த மாதம் பணம் வருமா? கொடுப்பவர் நல்லவராக இருந்தாலும் வாங்குபவரின் நாக்கு கட்டுப்பட்டே இருக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை தாயகம் திரும்பும்போது ஓய்வு என்ற பெயரில் சபை சபையாகப் போய்ப் படம் காட்டிப் பேச வேண்டும். பிள்ளைகள் மேடையேறி டோக் பிசினிலோ சுவாஹிலியிலோ ஒரு பாட்டுப் பாட வேண்டும்.

எரிபொருளும் இந்தக் கணக்கை மாற்றியிருக்கிறது. பழைய செஸ்னா விமானங்களின் பிஸ்டன் என்ஜினுக்கு வேண்டிய விமானப் பெட்ரோல் உலகின் பல மூலைகளில் கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறிவிட்டது. ஜெட் எரிபொருள் ஏறத்தாழ மண்ணெண்ணெய்தான், எங்கும் கிடைக்கும். எனவே செஸ்னா கேரவன், கோடியாக் போன்ற டர்பைன் விமானங்களுக்கு மாறினார்கள். கோடியாக் விமானம் அமெரிக்காவின் ஐடஹோவில், மிஷன் விமானிகளின் தேவையை மனதில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. விலையோ பழைய செஸ்னாவைப்போல் பல மடங்கு.

பிள்ளைகளை எங்கே படிக்க வைப்பது?

ஒரு குடும்பம் ஊர் திரும்ப முடிவெடுக்கும்போது, ஆபத்தைவிடப் பிள்ளையின் படிப்புதான் காரணமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். பழைய விடை, விடுதிப் பள்ளி. நம் கொடைக்கானலின் சர்வதேசப் பள்ளியே 1901-இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியதுதான். கென்யாவின் கிஜாபேயில் 1906-இல் ரிஃப்ட் வேலி அகாடமி எழுந்தது. வட இந்தியாவுக்கு ஊழியத்துக்குப் போன தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே கேள்வி வந்தது; நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு அதற்காகத்தான் தோனாவூரில் சந்தோஷ வித்யாலயாவை நடத்துகிறது. விமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பணித்தளத்துக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் குறைவதில்லை.

ஆறு, ஏழு வயதில் பிள்ளையை அனுப்பிவிட்டு வருடத்துக்கு இரண்டு முறை பார்ப்பதைத் தியாகம் என்று சொல்லிவந்தார்கள். தியாகம் செய்தது யார் என்று பிள்ளைகள் வளர்ந்தபின் கேட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் மமூ என்ற ஊரிலிருந்த மிஷன் விடுதிப் பள்ளியில் பல பத்தாண்டுகளாகக் குழந்தைகள் அடியும் வதையும் பாலியல் கொடுமையும் பட்டதை, அங்கே படித்தவர்களே விடாமல் போராடி வெளிக்கொணர்ந்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் சுதந்திரமான விசாரணைக் குழு அதை உறுதிசெய்தது. பெற்றோருக்கு எழுதும் கடிதத்தில் ஊழியத்துக்கு இடையூறாக எதையும் எழுதிவிடக் கூடாது என்ற அச்சம், மாதக் கடிதத்தில் பெற்றோருக்கு இருக்கும் அச்சத்தின் குழந்தை வடிவம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் மிஷன் குடும்பங்களைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. உகாரும்பாவிலும், இந்தோனேசியப் பப்புவாவின் சென்டானியிலும் குடியிருப்பை ஒட்டியே பள்ளி உண்டு. சென்டானியின் ஹில்கிரெஸ்ட் பள்ளிக்கு விமானிகளின் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வரலாம். மற்ற இடங்களில் இணைய வழிக் கல்வி. ஆனாலும் பதினெட்டு வயதில் கல்லூரிக்காக, கடவுச்சீட்டில் மட்டும் தாயகமாக இருக்கும் நாட்டுக்குப் போகும் நாள் வந்தே தீரும். இத்தகைய பிள்ளைகளைப் பற்றிய ஆய்வைத் தொடங்கி வைத்த அமெரிக்கச் சமூகவியலாளர் ரூத் யூசிம், 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களைப் பார்த்துத்தான் அந்தத் திசைக்கு வந்தார். பெற்றோரின் நாடும் முழுதாகச் சொந்தமில்லாமல், வளர்ந்த நாடும் முழுதாகச் சொந்தமில்லாமல், இவர்களைப் போன்றவர்களிடையே மட்டும் ஊர் உணர்வு கொள்பவர்கள் இவர்கள் என்று பின்னர் டேவிட் போலக் என்ற ஆய்வாளர் விளக்கினார்.

கத்தோலிக்கர்கள் இந்தக் கேள்வியையே வேறு வழியில் கடந்தார்கள். பப்புவா நியூ கினியின் வேவாக் மறைமாவட்டத்தின் ஆயர் லியோ ஆர்க்ஃபெல்ட் தாமே விமானம் ஓட்டிப் பங்குகளைச் சுற்றிவந்தவர்; பறக்கும் ஆயர் என்றே பெயர் பெற்றார். துறவறத்தாருக்குப் பள்ளிக் கட்டணக் கவலையும் இல்லை, நாலரை மணிக்கு ரேடியோ முன் காத்திருக்க ஆளும் இல்லை.

யாருடைய விமானம்?

2001 ஏப்ரல் 20 அன்று பெருவின் அமேசான் பகுதியில், பாப்டிஸ்ட் மிஷன் அமைப்பு ஒன்றின் மிதவை விமானத்தைப் போதைப்பொருள் கடத்தும் விமானம் என்று நினைத்து அந்நாட்டு விமானப்படை சுட்டது. அமெரிக்க உளவு அமைப்பின் கண்காணிப்பு விமானம்தான் அதை முதலில் சுட்டிக்காட்டியிருந்தது. வெரோனிகா பவர்ஸ் என்ற மிஷனரியும் அவர் மடியிலிருந்த ஏழு மாதப் பெண் குழந்தையும் இறந்தார்கள். கணவரும் ஆறு வயது மகனும் பிழைத்தார்கள். விமானி, காலில் குண்டு பாய்ந்த நிலையிலும் ஆற்றில் இறக்கிவிட்டார்.

இந்தோனேசியப் பப்புவாவில் ஆபத்து இன்னும் சிக்கலானது. அங்கே தனிநாடு கேட்கும் ஆயுதக் குழுக்கள், சின்ன விமானங்கள் படையினரையும் உளவாளிகளையும் ஏற்றி வருவதாகச் சந்தேகிக்கின்றன. 2021 ஜனவரியில் இந்தான் ஜாயா பகுதியில் எம்.ஏ.எஃப். விமானம் ஒன்று எரிக்கப்பட்டது. விமானி உயிர் தப்பினார். 2023 பிப்ரவரியில் சூசி ஏர் என்ற வணிக நிறுவனத்தின் நியூசிலாந்து விமானி பிலிப் மெர்டென்ஸ் பிடிக்கப்பட்டு, 2024 செப்டம்பரில்தான் விடுவிக்கப்பட்டார். நாங்கள் எந்தப் பக்கமும் இல்லை என்று மிஷன் அமைப்பு சொல்லலாம். அரசின் அனுமதியோடு, அரசுப் பள்ளி ஆசிரியரையும் தேர்தல் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கும் விமானத்தைக் காட்டிலிருந்து பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

வன்முறை இல்லாமலும் விபத்து வரும். 2020 மே 12 காலையில் சென்டானியிலிருந்து கிளம்பிய கோடியாக் சில நிமிடங்களில் சென்டானி ஏரியில் விழுந்தது. அதில் தனியாகப் பறந்த ஜாய்ஸ் லின் இறந்தார், வயது 40. மாமிட் கிராமத்துக்குக் கொரோனா பரிசோதனைக் கருவிகளைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். எம்.ஏ.எஃப்-பின் 75 வருட வரலாற்றில் விபத்தில் இறந்த முதல் பெண் விமானி அவர்.

இனி இந்த வேலையை வெளிநாட்டுக் குடும்பங்கள்தான் செய்ய வேண்டுமா என்ற கேள்வி மிஷன் அமைப்புகளுக்கு உள்ளேயே எழுந்திருக்கிறது. இந்தோனேசியாவிலும் பப்புவா நியூ கினியிலும் உள்நாட்டு விமானிகளும் மெக்கானிக்குகளும் வந்துவிட்டார்கள். உள்நாட்டு விமானிக்கு விசா வேண்டாம், மொழிப் பயிற்சி வேண்டாம், பிள்ளைக்கு வெளிநாட்டுப் பள்ளி வேண்டாம். ஆனால் அவருக்கு ஐடஹோவில் தாங்கும் சபை இல்லை. அவருடைய சம்பளம் எங்கிருந்தோ வர வேண்டும். பெரிய விமான நிறுவனம் கூப்பிட்டால் அவர் போகக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. டிக்கெட்டில் ஏற்றினால் காப்பி மூட்டைக்கான கட்டணம் காப்பியின் விலையைத் தாண்டிவிடும்.

இந்தோனேசிய அரசு தொலைதூரத் தடங்களுக்கு மானியம் கொடுத்து வணிக நிறுவனங்களை ஓட்டச் சொல்கிறது. விமானம் வருகிறது, கட்டணமும் கட்டுப்படியாகிறது. ஆனால் அந்த நிறுவனங்களில் பறக்கும் நேரம் சேர்ப்பதற்காகச் சேரும் இளைஞர்கள் பலர், நேரம் சேர்ந்ததும் பெரிய விமானங்களுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு சரிவு ஓடுபாதையில் எந்த மாதம் எந்த மூலையில் காற்று திரும்பும் என்பதைக் கற்க வருடங்கள் ஆகும். மிஷன் விமானி பத்து, பதினைந்து வருடம் அங்கேயே கிடப்பதற்குக் காரணம் அவர் நம்பிக்கை மட்டுமல்ல. அவர் மனைவி அந்த ஊரின் மொழி பேசுகிறார். பிள்ளைகளுக்கு அங்கே நண்பர்கள் இருக்கிறார்கள். மானிய ஒப்பந்தம் போடும் அரசுகள் விமானிகளின் குடும்பங்கள் தங்க வீட்டுக்கும் பள்ளிக்கும் எவ்வளவு ஒதுக்குகின்றன என்பதைப் பொறுத்தே, மிஷன் குடும்பங்கள் விலகும் இடங்களில் அனுபவமுள்ள கைகள் நிலைக்குமா என்பது தெரியும்.